பச்சையின் மேல் ஊதா

ஒரு சோதனையின் முடிவைப் பொய்யாக்கியவள் நான். பொய் என்று தெரிந்தே அதன் அடியில் கையெழுத்துப் போட்டேன். அதை நம்பிய ஒருவரின் கோழிகள் கொட்டகை கொட்டகையாகச் செத்தன.

முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி வரிசையாகச் சொல்கிறேன். வரிசைப்படுத்திச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். படிப்பு அப்படிப் பழக்கிவிட்டது.

1. கோழித் தீவனத்தில் கலக்கும் மூலிகைத் தூள் தயாரிக்கிற ஒரு சிறிய நிறுவனத்தில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வேலைக்குச் சேர்ந்தேன்.

2. தீவனத்தில் வழக்கமாகப் போடும் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிட்டு இந்தத் தூளைப் போட்டால் கோழிகள் தாக்குப்பிடிக்குமா என்று பார்க்க, முத்தாபுதுப்பேட்டையைத் தாண்டி ஒரு பண்ணையில், பக்கத்துப் பக்கத்துக் கொட்டகைகளில் சோதனை வைத்தேன்.

3. பண்ணையை நடத்தும் வசந்தா அக்காவிடம், எந்தக் கொட்டகைக்கு எங்கள் தூள் போகிறது என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கவே கூடாது.

4. என்மேல் வைத்த பிரியத்தால் அவர் ஒரு காரியம் செய்தார்.

5. அதை நான் பார்த்தேன். மறைத்தேன்.

6. தூள் விற்பனைக்கு வந்தது. அதை முழுதாக நம்பிய முதல் ஆள் வசந்தா அக்காதான்.

7. மழைக்காலத்தில் அவருடைய கோழிகளுக்கு நோய் வந்தது. என்னிடம் யோசனை கேட்டார். தெரிந்தே தவறான பதிலைச் சொன்னேன்.

எவ்வளவு சுருக்கமாக முடிந்துவிடுகிறது! எழுதிப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஆனால் நான்காவது வரிக்கும் ஐந்தாவது வரிக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறதே... அங்கேதான் நான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடை வாசலில் உங்களைப் பார்த்திருக்கிறேன். பலகையில் ஒரு பச்சை இலை வரைந்திருக்கும். 'மருந்து போடாமல் வளர்த்த கோழி' என்று எழுதியிருக்கும். பக்கத்துக் கடையைவிட விலை கூடுதல்தான். குழந்தைகள் சாப்பிடுவது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாங்குவீர்கள். அந்தப் பலகைக்குப் பின்னால் ஓர் அறிக்கை இருக்கிறது. அறிக்கைக்குப் பின்னால் நான் இருக்கிறேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நான் ஏமாற்றுவதற்காக இந்த வேலைக்கு வந்தவள் அல்ல. இதை நீங்கள் நம்ப வேண்டும்... வேண்டாம், நம்பாமலும் இருக்கலாம். ஆனாலும் சொல்கிறேன்.

நாமக்கல்லில் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கு நடுவே வளர்ந்தேன். தீவனம் அரைக்கிற இடத்தில் ஆன்டிபயாட்டிக் பொடியைக் குவளையால் மொண்டு போடுவார்கள். நோய் கண்ட கோழிக்கு மட்டுமல்ல. நோய் வந்துவிடக் கூடாதே என்று, எடை சீக்கிரம் ஏறட்டுமே என்று, எல்லாக் கோழிக்கும், தினமும். சாம்பாருக்கு உப்புப் போடுவதுபோல்தான் அதை அப்போது பார்த்தேன். கல்லூரிக்குப் போன பிறகுதான் மறுபக்கம் தெரிந்தது. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தித்துப் பழகிய கிருமி, பிறகு அதே மருந்துக்குச் சாவதில்லை. அது பண்ணைக்குள் அடங்கியிருப்பதும் இல்லை. எருவோடு போகிறது, தண்ணீரோடு போகிறது, கோழியைத் தொட்ட கையோடு போகிறது.

படிப்பு முடிந்த வருஷம் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆய்வகத்திலிருந்து வந்த தாளில் மருந்துகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு எதிரில், 'இது கேட்காது' என்பதற்கான குறி. கடைசியாக ஒன்று கேட்டது, அம்மா பிழைத்துக்கொண்டார். கேட்காது என்று போட்டிருந்த பெயர்களில் சிலவற்றை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். தீவன மூட்டைகளின் மேல்.

ஆகவே, பூண்டும் ஓமமும் மஞ்சளும் கீழாநெல்லியும் சேர்ந்த அந்தத் தூளை நான் வெறும் சரக்காகப் பார்க்கவில்லை. அது வெற்றி பெற வேண்டும் என்று மனதார விரும்பினேன். சோதனை நடத்துகிற ஒருத்திக்கு இருக்கக் கூடாத முதல் விருப்பம் அதுதான், இல்லையா?

வேலப்பன்சாவடியில், மென்பொருள் வேலையில் இருக்கும் இரண்டு பெண்களோடு ஒரு வீட்டில் தங்கியிருந்தேன். அங்கிருந்து ஆவடி வழியாக ஸ்கூட்டரில் பண்ணைக்குப் போவேன். வசந்தா அக்காவின் மாமனார் காலத்தில் அவர்கள் அந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்குப் போனவர்கள். வயல்கள் மனைகளாகிவிட்டன. கணவர் டில்லி, அம்பத்தூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போய்வந்தார். அக்கா கறிக்கோழி வளர்த்தார். கொட்டகைகள் குத்தகைக்கு எடுத்தவை, கோழிகள் அவருடையவை.

முதல் நாளே என் பேச்சு அவருக்குச் சிரிப்பாகிவிட்டது.

"தண்ணீங்க வெச்சாச்சுங்களாக்கா" என்று நான் கேட்டதாக அவர் டில்லியிடம் நடித்துக் காட்டினார். "இன்னா மரியாத பாரேன். உங்க ஊர்ல கோழியக் கூட வாங்க போங்கன்னுதான் கூப்டுவீங்களா பாப்பா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க்கா."

"தோ, மறுபடி!"

டில்லி கைலியை மடித்துக் கட்டியபடி, "நீ கூடத்தான் என்ன ஒரு வாட்டி வாங்கன்னு கூப்டு பாப்போம்" என்றார்.

"வாங்க சார், அந்த உமி மூட்டைய தூக்குங்க சார்" என்றார் அக்கா.

அப்படிப்பட்ட வீடு அது. போன சில நாட்களிலேயே எனக்கும் சேர்த்துச் சோறு வடிக்கத் தொடங்கிவிட்டார்.

சோதனைக்கென்று சில ஒழுங்குகள் உண்டு. ஒரு கொட்டகைக்கு வழக்கமான தீவனம், ஆன்டிபயாட்டிக் கலந்தது. இன்னொன்றுக்கு, அது நீக்கி எங்கள் தூள் சேர்த்தது. எது எதுவென்று வளர்ப்பவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால், தங்களை அறியாமலே ஒன்றைக் கூடுதலாகக் கவனித்துவிடுவார்கள். அதனால் மூட்டைகளில் வெறும் குறிகள் மட்டுமே போட்டிருந்தேன். வாரந்தோறும் எடை பார்ப்பதற்காக ஒவ்வொரு கொட்டகையிலும் சில கோழிகளைத் தேர்ந்தெடுத்து முதுகில் சாயம் தடவி வைத்தேன். தூள் தின்னும் கோழிக்குப் பச்சை. மற்றதற்கு ஊதா. கொட்டகை எதுவானாலும் இந்தச் சாயக் கோழிகள்தான் சாட்சி.

எல்லாம் சரியாகத்தான் செய்தேன். பிறகு வாயைத் திறந்தேன்.

அன்று எங்கள் மேலாளர் பிரகாஷ் சார் தொலைபேசியில் கடுமையாகப் பேசியிருந்தார். தூள் தேறவில்லையென்றால் இந்தப் பிரிவையே மூடவேண்டியதுதான் என்றார். என் முகத்தைப் பார்த்த அக்கா, "இன்னா பாப்பா, மூஞ்சி இப்டி கீது?" என்று கேட்டார். சோற்றைப் பிசைந்தபடியே சொல்லிவிட்டேன். "அந்த ஓம வாசன வர்ற ஷெட்டு இருக்குதுல்லங்க்கா, அதுதான் நம்முளுது. அது தோத்துப்போச்சுன்னா எனக்கு வேலை போயிருங்க்கா."

அவ்வளவுதான். ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில் சொன்னது.

அக்கா இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார்.

அதன் பிறகு அந்தக் கொட்டகைக்குப் 'பாப்பா கொட்டாய்' என்று பெயர் வந்துவிட்டது. அதில் தரையில் பரப்பிய உமி எப்போதும் உலர்ந்திருந்தது. தண்ணீர்க் குவளைகள் பளிச்சென்று இருந்தன. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வந்தது. தூளின் குணம் என்று அதற்கு ஒரு பெயர் கொடுத்துக்கொண்டேன். குடல் நன்றாக இருந்தால் எச்சம் இறுகும், எச்சம் இறுகினால் உமி உலர்ந்திருக்கும்... படித்தவளுக்குக் காரணத்துக்கா பஞ்சம்!

கோழிகள் பாதி வளர்ந்திருந்தபோது, ஒரு காலை, ஊதாக் கொட்டகைக்குள் நுழைந்தேன். மூலையில் ஒரு கோழி சிறகை உப்பவைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில் பச்சை.

பச்சை!

முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். கிட்டே போய்த் தூக்கிப் பார்த்தேன். நானே தடவிய பச்சைதான். அந்தக் கோழி சுவரைத் தாண்டி வந்திருக்க முடியாது. அக்காவைக் கூப்பிட்டேன். அவர் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய காரியம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. பெருமையாகச் சொன்னார்.

"உன் கொட்டாய்ல எதுனா சோந்துகினு கெடந்துச்சின்னா நான் காலீல தூக்கினு வந்து இங்க வுட்ருவேன். அதுக்குப் பதுலா இங்கேர்ந்து நல்லதா ஒன்ன அங்க போட்ருவேன். எண்ணிக்க கரீட்டா இருக்கும்ல? நீ ஏன் பயப்புட்ற? நான் இருக்க சொல்லோ உனுக்கு வேல போயிடுமா?"

எண்ணிக்கை உண்மையில் சரியாகத்தான் இருந்தது. அதனால்தான் நான் கண்டுபிடிக்கவில்லை. நோஞ்சான்கள் எல்லாம் மருந்துத் தீவனத்தின் கணக்கில். திடமானவை எல்லாம் என் தூளின் கணக்கில். என்னைக் காப்பாற்ற ஒரு பெண் தினமும் விடியற்காலையில் கோழிகளைக் கையில் ஏந்தி அந்த இரண்டு கொட்டகைகளுக்கு நடுவே நடந்திருக்கிறார்... எனக்காக இவ்வளவு மெனக்கெட்டவர்கள் என் வாழ்க்கையில் அதிகம் பேர் இல்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு வந்தது கோபமல்ல. நன்றி.

சோதனை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. அதை நான் அறிவேன். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பிரகாஷ் சாரைக் கூப்பிட்டு, 'கோழிகள் கலந்துவிட்டன, முதலிலிருந்து தொடங்க வேண்டும்' என்று சொல்வது.

அன்று மதியம் அவர் இரண்டு விற்பனையாளர்களைக் கூட்டிக்கொண்டு பண்ணைக்கு வருவதாக இருந்தார்.

என் பையில் ஊதாச் சாயக் குப்பி இருந்தது. எடுத்தேன். அந்தக் கோழியை மடியில் வைத்துக்கொண்டு, பச்சையின் மேல் ஊதாவைத் தடவினேன். ஊதா அடர்த்தியான நிறம், எதையும் மூடிவிடும். பிறகு விரல்களைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அடுத்த எடை பார்க்கும் நாளுக்குள் அது செத்துப்போனது. மருந்துத் தீவனம் தின்ற கொட்டகையில் இறந்த கோழி என்று எழுதினேன்.

கோழிகளை மாற்றிவிட வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேனா? சொன்னேன். "இனிமே மாத்தாதீங்க்கா" என்றேன். எப்படிச் சொன்னேன் தெரியுமா? சிரித்துக்கொண்டே சொன்னேன்! அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அதன் பிறகும் மாற்றினாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பதற்காக, காலையில் தாமதமாகப் போகத் தொடங்கினேன்.

முடிவு எப்படி வந்திருக்கும் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். தூள் வென்றது. ஆன்டிபயாட்டிக் இல்லாமலே கோழிகள் நன்றாக வளர்ந்தன, குறைவாகவே செத்தன. அறிக்கையை எழுதினேன். கூட்டத்தில் படித்தேன். கை தட்டினார்கள். என் வேலை நிரந்தரமானது. துண்டுப் பிரசுரத்தில், ஒரு கொழுத்த கோழியை அணைத்தபடி சிரிக்கும் வசந்தா அக்காவின் படம் வந்தது. டில்லி அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்து, வருகிறவர்களிடமெல்லாம், "ஈரோயினி கீது பாரு எங்க ஊட்ல" என்று காட்டினார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இயற்கைப் பொருள்கள் எல்லாம் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. நீங்கள் அப்படி எடுத்துக்கொண்டால் அது இன்னொரு பொய்யாகிவிடும். பூண்டிலும் ஓமத்திலும் கிருமிகளை அடக்கும் தன்மை உண்டு. நல்ல பாக்டீரியாக்களைத் தீவனத்தில் சேர்த்து ஆன்டிபயாட்டிக்கைக் குறைத்த பண்ணைகள் உண்டு. ஆனால் அவை தனியாக நின்று காப்பாற்றுவதில்லை. உலர்ந்த உமி வேண்டும், காற்றோட்டம் வேண்டும், நெரிசல் கூடாது, தடுப்பூசி தவறக் கூடாது. எங்கள் தூள் இதில் எவ்வளவு செய்யும், எவ்வளவு செய்யாது? அதைத் தெரிந்துகொள்வதற்குத்தானே சோதனை! அந்தக் கேள்விக்கு வரவேண்டிய பதிலைத்தான் நான் ஊதா பூசி மூடினேன். தூள் மோசமானதாக இருந்திருந்தால்கூட என் குற்றம் எளிதாக இருந்திருக்கும். அது நல்லதாகவும் இருக்கலாம்... எனக்கே தெரியாதபடி செய்துவிட்டேன்.

அக்கா இரண்டு கொட்டகைகளுக்கும் தூளையே போடத் தொடங்கினார். "உன் மருந்து சூப்பரு பாப்பா. என் கண்ணால பாத்தேன்ல" என்றார். கண்ணால் என்ன பார்த்தார்? தன் கையால் பொறுக்கிப் போட்ட திடமான கோழிகளைத்தான் பார்த்தார். ஆனால் அவர் மனதில் இரண்டும் இரண்டு வேறு காரியங்கள். நோஞ்சானை மாற்றியது எனக்குச் செய்த உதவி. மருந்து நல்லது என்பது தனி உண்மை. ஒன்றையொன்று அவர் சேர்த்துப் பார்க்கவே இல்லை. சேர்த்துப் பார்க்க வேண்டியவள் நான்.

சாலையோரத்தில் அவர் 'மருந்து போடாமல் வளர்த்த கோழி' என்று ஒரு பலகை வைத்தார். குமணன்சாவடியில் ஒரு கறிக்கடைக்காரர் அவருடைய கோழிகளைத் தனியாகக் கேட்டு வாங்கினார். அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து காரில் வந்து வாங்கிப் போனார்கள். டில்லி கம்பெனி வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் பண்ணையைப் பார்க்க வந்துவிட்டார். அந்தச் செய்தியை அவர் என்னிடம் சொன்னபோது நான், "நல்லதுங்கண்ணா" என்றேன்.

நல்லதுங்கண்ணா!

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் அடித்தது. கொட்டகையின் ஓரங்களில் சாரல் புகுந்து உமி கட்டி கட்டியாக இறுகியது. ஒரு காலை நான் அலுவலகத்தில் இருந்தபோது அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"பாப்பா, கோழிங்க தீனி எடுக்கல. கழிச்சலா போவுது, நொர நொரையா. காலீலயே கொஞ்சம் செத்துக் கெடந்துச்சி. டாக்டர கூப்டட்டா, இல்ல உன் மருந்தயே கொஞ்சம் ஜாஸ்தியா போடட்டா?"

நான் சொல்ல வேண்டிய பதில் இது. இன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஈர உமியை உடனே அள்ளி வெளியே போடுங்கள். சோர்ந்தவற்றைப் பிரித்து வையுங்கள். டாக்டர் எந்த மருந்து சொன்னாலும் கொடுங்கள், அது ஆன்டிபயாட்டிக்காகவே இருந்தாலும். நோயில்லாத உயிருக்குத் தினமும் தூவுவது வேறு. நோயில் துடிக்கிற உயிருக்கு வைத்தியர் கொடுப்பது வேறு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் மறுநாள், அக்காவின் பண்ணையைப் பார்க்கத் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து பண்ணைக்காரர்கள் வருவதாக ஏற்பாடு. டாக்டர் வந்தால் மருந்து வரும். மருந்து வந்தால் பலகையைக் கழற்ற வேண்டும். பலகையைக் கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்ற கேள்வி மெல்ல மெல்ல நடந்து அந்தச் சோதனைவரைக்கும் வந்துவிடும்...

இவ்வளவையும் நான் அந்த ஒரு மூச்சுக்குள் யோசித்தேன். எவ்வளவு வேகமாக யோசிக்கிறது மனசு, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள!

"தூளைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்க்கா. ரெண்டு நாள் பார்க்கலாம்" என்றேன்.

"நீ சொன்னா சரி" என்றார்.

வருவதாக இருந்தவர்கள் மழையால் வரவேயில்லை.

அக்கா நான் சொன்னபடி காத்திருந்தார். அதற்குப் பிறகு டில்லியே போய் டாக்டரைக் கூட்டிவந்தார். டாக்டர் செத்த கோழி ஒன்றை அறுத்துக் குடலைப் பார்த்தார். முன்னாடியே கூப்பிட்டிருந்தால் பெரும்பாலானதைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். மருந்து கொடுத்தார்கள், குடிக்கிற நிலையில் பல கோழிகள் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். மழையில் சுண்ணாம்பு புகைந்தது. உயிரோடு மிஞ்சியவற்றைக் கறிக்கடைக்காரர் வேண்டாம் என்றுவிட்டார்.

அக்கா என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அளவத் தப்பாப் போட்டுட்டேன் போல பாப்பா" என்றார். "உன் மருந்துக்குக் கெட்ட பேரு வந்துடப் போவுது. ஆபீஸ்ல கேட்டா நான் சரியா போடலன்னு சொல்லிடு, இன்னா?"

அப்போது சொல்லியிருக்கலாம். மழை, சுண்ணாம்பு, குழி... எல்லாவற்றுக்கும் நடுவில், 'அக்கா, தப்பு என்னுடையது' என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "பரவால்லீங்க்கா" என்றேன். அவருடைய தவறை நான் மன்னிக்கிறேனாம்!

பிரகாஷ் சாரிடம் சில வாரங்கள் கழித்துச் சொன்னேன். முழுவதையும் சொன்னேன், ஊதாவைக்கூட. அவர், "எத்தன பேர் இதப் போடறாங்க, எல்லார் கோழியுமா செத்துது? ஒரு ட்ரயல் கெட்டுப்போச்சுன்னா இன்னொண்ணு வெப்போம்மா. இப்ப இத வெளிய சொன்னா, நாளைக்கு எவனும் ஆன்டிபயாட்டிக்க விடமாட்டான். அதுவா உனக்கு வேணும்?" என்றார். அவரும் கெட்டவர் அல்ல. நான் எனக்குச் சொல்லிக்கொண்ட அதே சமாதானத்தை அவர் வாயிலிருந்து கேட்டபோது, அது எவ்வளவு வசதியான சமாதானம் என்று புரிந்தது.

போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, முத்தாபுதுப்பேட்டைக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். என்ன வரிசையில் சொல்வது என்பதைக்கூட யோசித்து வைத்திருந்தேன். கொட்டகைகள் இரண்டும் காலி. ஒன்றில் யாரோ சுமை ஆட்டோ நிறுத்தியிருந்தார்கள். அக்காவும் டில்லியும் வீட்டில் இருந்தார்கள். நான் உட்காரவில்லை. சொன்னேன். பச்சைக் கோழியைப் பார்த்தது, ஊதா பூசியது, அறிக்கை, தொலைபேசியில் சொன்னது... எதையும் விடவில்லை.

நான் முடித்த பிறகு அக்கா கேட்டார்.

"அப்போ... நான் மாத்தி வுட்டதுனாலதான் உன் மருந்து ஜெயிச்சா மாதிரி தெரிஞ்சிதா?"

"அக்கா, அது இல்லீங்க..."

"அத்த நம்பித்தான நான் எல்லாக் கோழிக்கும் போட்டேன்."

"நான் பார்த்தனுங்க்கா. பார்த்துட்டு மறைச்சேன். தப்பு என்னுதுங்க்கா."

"நான் மாத்தி வுடாம இருந்திருந்தா, நீ எத்த மறைச்சிருப்ப?"

நான் யோசித்து வைத்திருந்த வரிசையில் இந்தக் கேள்வி இல்லவே இல்லை. உண்மையைச் சொல்லி என் சுமையை நான் ஏற்றுக்கொள்வேன் என்று நினைத்துப் போனவள், அதை அவர் தலையில் இறக்கி வைத்துவிட்டேன். அவர் எனக்குச் செய்த ஒரே நல்லதை எடுத்து, இதுதான் உன் கோழிகளைக் கொன்றது என்று அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்!

டில்லிதான் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"அவ தெரியாம பண்ணா. அத்த வுடு. நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. போன்ல ரெண்டு நாள் பாக்கலாம்னு சொன்னியே... டாக்டர கூப்புடணும்னு அப்ப உனுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியுங்கண்ணா."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"சின்னப் பொண்ணு, பயந்துகினு சொல்லிட்டா" என்று அக்கா அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார். அந்த வேளையிலும் என் பக்கம்தான் பேசினார். பிறகு தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். "தப்பு உங்களுது இல்லீங்க்கா" என்று மறுபடியும் மறுபடியும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. "நீ கெளம்பு பாப்பா, இருட்டப் போவுது" என்றார். அப்போது மணி நான்குகூட ஆகியிருக்கவில்லை.

இப்போதைய நிலை இதுதான்.

தூள் விற்பனையில் இருக்கிறது. துண்டுப் பிரசுரமும் அதே படத்தோடு இருக்கிறது. பழைய அறிக்கை செல்லாது என்று எழுதி, கையெழுத்திட்டு, நிறுவனத்தில் கொடுத்திருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. புதிய சோதனைக்கு நாள் குறிக்கவில்லை. அந்தத் தூள் ஆன்டிபயாட்டிக்குக்கு மாற்றாகுமா, ஆகாதா என்று யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மையான பதில். நான் இன்னும் அதே வேலையில் இருக்கிறேன். டில்லி பழைய கம்பெனிக்குத் திரும்பக் கேட்டார், எடுக்கவில்லை. ஆவடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலுக்குப் போகிறார். அக்கா அம்பத்தூரில் ஒரு பேக்கிங் கம்பெனிக்குப் போகிறார். நான் கூப்பிட்டால் தொலைபேசியை எடுக்கிறார். சாப்பிட்டாயா என்று கேட்கிறார். கோழி வளர்ப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், தன் கை பட்டால் எதுவும் உருப்படாது என்கிறார்.